ஆம் என்றவர் யார்?

விழுப்புரம் மாவட்டத்தில் கோலியனூரிலிருந்து திண்டிவனம் வரை போய் வாருங்கள். பேருந்து நிழற்குடையின் நெற்றியில் எம்.எல்.ஏ. பெயர் இருக்கும்; எந்த ஆண்டு நிதி, எத்தனை லட்சம் என்பதும் பெயின்ட்டில் எழுதியிருக்கும். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் அவர் என்ன செய்தார் என்று கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவரே சொல்லிவிடுவார். அதே எம்.எல்.ஏ. பேரவையில் எந்த மசோதாவை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று கேட்டால் விஷயம் தெரிந்தவரும் விழிப்பார். அது அவர் குற்றமல்ல. அப்படியொரு பதிவு நம் சட்டப்பேரவையில் பெரும்பாலும் உண்டாவதே இல்லை.

'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்பார் சபாநாயகர். ஆம் என்று ஒரு சத்தம் எழும். மசோதா நிறைவேறியது என்பார். யார் வாய் திறந்தார், யார் சும்மா உட்கார்ந்திருந்தார், யார் அந்த நேரம் பார்த்து கேன்டீனில் இருந்தார் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விடும்.

சாதாரண மசோதாக்களுக்கு இது போதும். விற்பனை வரித் திருத்தத்துக்கெல்லாம் தலை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சாதி, மதம், இடஒதுக்கீடு, திருமணம் என்று வரும்போதும் இதே குரல்தான் என்றால், அது வசதிக்கான முறை அல்ல, ஒளிந்துகொள்வதற்கான முறை.

விழுப்புரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வன்னியருக்கு இடஒதுக்கீடு கேட்டு நடந்த 1987 செப்டம்பர் சாலை மறியலில் 21 உயிர்கள் போயின. 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. அதற்குள் வன்னியருக்குத் தனியே 10.5 சதவீதம் தரும் மசோதா 2021 பிப்ரவரி 26 அன்று பேரவைக்கு வந்தது. அன்று மாலையே தேர்தல் தேதி அறிவிப்பு. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. அப்போது சட்ட அமைச்சராக இருந்த சி.வி.சண்முகம்தான் விழுப்புரம் எம்.எல்.ஏ.வும். அவ்வளவு பெரிய முடிவு. 93 சமூகங்களுக்கு 7 சதவீதம், மீதமுள்ளவர்களுக்கு 2.5 சதவீதம் என்று மற்றவர்களின் பங்கையும் அது மாற்றி எழுதியது. அந்தச் சமூகங்களின் வாக்கையும் வாங்கி வென்ற உறுப்பினர்கள் அன்று என்ன சொன்னார்கள்? பெயர்ப் பட்டியல் இல்லை. 2021 நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தரவு எங்கே என்று நீதிமன்றம் கேட்ட கேள்வியைப் பேரவையிலேயே யாராவது கேட்டு, தன் பெயரோடு பதிந்திருந்தால் இரு தரப்புக்குமே நல்லதாக இருந்திருக்கும்.

பெயரோடு பதிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 2019 டிசம்பர் 11, மாநிலங்களவை. குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்தவர்களில் அதிமுகவின் 11 பேரும் பாமகவின் அன்புமணி ராமதாசும் இருந்தார்கள். இந்தப் 12 பேரும் மாற்றிப் போட்டிருந்தால் ஆதரவு 113, எதிர்ப்பு 117. ஊர் ஊராக மக்கள் இந்தக் கணக்கைப் போட்டார்கள். பதில் சொல்லும் நிலை அந்தக் கட்சிகளுக்கு வந்தது. டெல்லியில் எண்ணப்படுவது சென்னையில் ஏன் எண்ணப்படக் கூடாது? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1836 முதல் இப்படிப் பெயர்ப் பட்டியல் வெளியிட்டுவருகிறது.

கொறடா உத்தரவு போட்ட பிறகு தனி உறுப்பினரின் வாக்குக்கு என்ன அர்த்தம் என்பார்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் உறுப்பினரின் கையைக் கட்டியிருப்பது உண்மைதான். ஆனால் வராதவர் யார் என்பதையாவது பட்டியல் காட்டிக்கொடுக்கும். சங்கடமான நாளில் காய்ச்சல் வருவது நம் அரசியலில் பழைய வியாதி. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலை மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே 1 அன்று மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வெளியே போனவர்களின் நிலை ஊருக்குத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களில் யாருக்கு உறுத்தியது என்பது இன்றுவரை தெரியாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. சாதிப் பிரச்சினையில் பெயர் வெளியே வந்தால், இரு தரப்பு மக்களும் கலந்து வாழும் தொகுதியில் எம்.எல்.ஏ. ஊருக்குள் நுழைய முடியாது என்பது. கோலியனூரை அடுத்த மேல்பாதியைப் பார்த்தவர்கள் இந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டார்கள். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று கோயிலுக்கே சீல். அவர்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆகிவிட்டது, அதுவும் போலீஸ் காவலோடு. இடையில் கோட்டாட்சியர் பேச்சுவார்த்தை நடத்தினார், நீதிமன்றம் உத்தரவு போட்டது. பயம் நிஜம்தான். ஆனால் ரகசியம் என்பது வாக்குச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் நிற்கும் கூலித் தொழிலாளிக்கான பாதுகாப்பு. அவர் அனுப்பிய பிரதிநிதிக்கு அது பொருந்தாது.

எண்ணுவது முடியாத காரியமும் அல்ல. 2017 பிப்ரவரி 18 அன்று, ஆட்சி மீதான நம்பிக்கைத் தீர்மானத்தின்போது, பேரவையில் அவ்வளவு ரகளைக்கு நடுவிலும் எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு நடந்து, 122க்கு 11 என்று முடிவு வந்தது. ஆட்சி கவிழுமா என்றால் தலையை எண்ணலாம், சமூகம் கவிழுமா என்றால் சத்தமே போதுமா?

ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என 2025 அக்டோபரில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. எந்த ஆட்சி அந்த மசோதாவைக் கொண்டுவந்தாலும், அதைக் குரலுக்கு விடக் கூடாது. எண்ணிக் கணிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. செஞ்சி, மயிலம், திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர் என இந்த மாவட்டத்துக்கு ஏழு எம்.எல்.ஏ.க்கள். அவர்களில் ஒருவர் அன்று எழுந்து அதைக் கேட்க வேண்டும். பட்டியலைப் பேரவைச் செயலகம் அன்று மாலையே தமிழில் வெளியிட வேண்டும்.