பசியையும் தூக்கத்தையும் ஆபீஸில் அடகு வைக்காதீர்கள்!

உங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? எட்டு மணிக்கு என்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். 'பத்தரை ஆகும், பதினொன்று ஆகும், அவர் வந்த பிறகுதான்' என்று இழுக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள்.

என்னிடம் வருகிறவர்களின் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பாதிப் பேருடைய வியாதியின் விலாசம் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடுகிறது. நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், தலைபாரம், முப்பத்தைந்து வயதில் ரத்தக் கொதிப்பு... எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஏதாவது லேகியம் கொடுங்க டாக்டர். வேலையைக் குறைன்னு மட்டும் சொல்லிடாதீங்க!" என்பார்கள்.

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களை நெட்டுருப் போட வைத்தார்கள். பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல், இருமல், மலம், சிறுநீர், கண்ணீர், மூச்சு என்று போகும் அந்த வரிசை. இவையெல்லாம் உடம்பு தானாகக் கொடுக்கிற சைகைகள். அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் உண்டு என்று நம் முன்னோர்கள் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய் ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே வருகிறீர்களே, அதற்குள் இந்தப் பதினான்கில் எத்தனையை அடக்குகிறீர்கள்? இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.

ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். அம்மாதான் கூட்டி வந்தாள். நீர்க்கடுப்பு, அடிவயிற்றில் வலி. அந்த வருஷத்தில் மூன்றாவது தடவை.

"தண்ணி எவ்வளவும்மா குடிப்பே?"

"காலையில வீட்டுல ஒரு டம்ளர். அப்புறம் ராத்திரிதான்."

"ஏன்?"

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமே டாக்டர்... ரெண்டு தடவை போனாலே சூப்பர்வைசர் கத்துவாரு."

அவளுக்கு நெருஞ்சில் குடிநீர் எழுதிக் கொடுத்தேன். சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். சரி, அந்த சூப்பர்வைசருக்கு எந்தக் கஷாயத்தைக் கொடுப்பது? கடைகளில் நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் இருக்கை போட்டால் மட்டும் போதுமா? உட்கார்ந்தால் முறைக்காமலும் இருக்க வேண்டுமே!

பெரிய மனிதர்கள் சிலருக்கு இந்தப் பன்னிரண்டு மணி நேரமும் போதவில்லை. இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, 2023-ல். எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் 90 மணி நேரம் என்று பேசியதும், வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டதும் 2025 ஜனவரியில் ஊரெல்லாம் அடிபட்டது. அவர்கள் உழைத்து முன்னுக்கு வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம். அதில் 90 போனால் மிச்சம் 78. தினம் ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 49. போக வர தினம் இரண்டு மணி நேரம் என்றால் 14. கையில் நிற்பது 15. நாளைக்கு இரண்டு மணி நேரம்தான்! குளியல், சாப்பாடு, குழந்தையின் ஹோம்வொர்க், அப்பாவின் கண் ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குள்ளேதான். முடியாதபோது மனிதர் எதை வெட்டுவார்? தூக்கத்தைத்தான். தூக்கம்தான் எதிர்த்துப் பேசாது. இரவு விழிப்பு பித்தத்தை ஏற்றும் என்பது எங்கள் சாஸ்திரம்.

இது பழைய வைத்தியர் புலம்பல் என்று நினைப்பவர்களுக்காக: உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் அதிகம்.

நம் சட்டசபையிலேயே 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. 'நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு' என்று நியாயம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். நாலு நாள் அடக்கிய பசியை மூன்று நாளில் சேர்த்துச் சாப்பிட்டுச் சரிக்கட்ட முடியுமா, சொல்லுங்கள்!

"ஓவர்டைம் பார்க்கலேன்னா வாடகை எப்படிங்க கட்டுறது?" என்று திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டு மணி நேர உழைப்புக்குக் குடும்பம் நடத்துகிற சம்பளம் கொடுத்துவிட்டல்லவா உடம்பைப் பற்றி அவருக்கு உபதேசம் செய்ய வேண்டும்? எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு ரகத்தின் மேல். வேலை ஆறு மணிக்கே முடிந்திருக்கும். 'மேனேஜர் இன்னும் கிளம்பலையே, நான் மட்டும் எப்படிக் கிளம்பறது?' என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடி எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர் தன் மேனேஜருக்காக உட்கார்ந்திருப்பார்! வீட்டுக்கு வந்த பிறகும் செல்போனில் 'ஒரே ஒரு மெசேஜ்'. இதற்கெல்லாம் ஓவர்டைம் சம்பளமும் கிடையாது.

வேலைக்குப் போகிற பெண்களின் கதை இன்னும் மோசம். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது தினம் 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஆபீஸில் ஒரு ஷிப்ட், அடுப்படியில் ஒரு ஷிப்ட். இதில் கணவர் வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பது வேறு. தயவுசெய்து காத்திருக்காதீர்கள் அம்மா! எட்டு மணிக்குக் குழந்தைகளோடு சாப்பிட்டுவிடுங்கள். அவருக்கு மதியச் சாப்பாட்டோடு இன்னொரு டப்பாவில் இரண்டு சப்பாத்தியோ இட்லியோ சேர்த்து அனுப்புங்கள். ஏழரைக்கு ஆபீஸிலேயே சாப்பிடட்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் போதும். பேச்சுத் துணைக்கு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சாதத்தைப் பிசைந்துகொண்டுதான் பேச வேண்டும் என்று யார் சொன்னது?

எண்ணெய்க் குளியலை விட்டுவிடாதீர்கள். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பார்கள். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது. சளி, காய்ச்சல் உள்ளவர்களுக்கு வேண்டாம். குளித்த அன்று பகல் தூக்கமும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். நடுநெஞ்சில் பாறாங்கல் வைத்தது போன்ற வலி, இடது கையில் இழுப்பு, குப்பென்று வியர்வை என்றால் அது 'கேஸ்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். என்னிடமும் வராதீர்கள். 'இந்த ரிப்போர்ட்டை மட்டும் முடிச்சுட்டு...' என்கிற பேச்சே வேண்டாம்; பக்கத்து சீட்டுக்காரரை 108-க்குப் போன் செய்யச் சொல்லி, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.