இடமாற்றக் கடிதம்

கிளிநொச்சிச் சந்தையடியில் இவ்வாரம் கண்ட ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், மாணவியரிடம் முறைகேடாக நடக்கும் ஆசிரியர்களைப் பற்றிய பேச்செழுந்தபோது, "பொலிஸுக்குப் போனால் பள்ளிக்கூடத்தின்ர பேர் கெடும், ஆளை மாத்திவிட்டால் சரிதானே" என்று சாவதானமாகச் சொன்ன சொல், வீடு வந்து சேர்ந்த பின்னும் என் நெஞ்சைச் சுட்டுக்கொண்டேயிருக்கிறது.

2022இல் முல்லைத்தீவில் துஷ்பிரயோக முறைப்பாட்டின்பேரில் ஆசிரியர் ஒருவர் கைதானபோது வன்னி கொதித்ததை நினைவூட்டவே பேனாவை எடுத்தேன். ஆயினும் என் நெடுநாள் மனக்குறை ஒன்று இன்றும் முந்திக்கொள்கிறது. தண்டனை இடமாற்றம் என்றால் வன்னி என்று எண்ணும் வழக்கம் எப்போது ஒழியும்? துணுக்காய்க்கும் ஒட்டுசுட்டானுக்கும் முழங்காவிலுக்கும் அனுப்பப்படும் கடிதத்தில் குற்றத்தின் பெயர் இராது. 'நிர்வாகக் காரணம்' என்றொரு சொற்றொடரே இருக்கும். யுத்தத்தில் தகப்பனை இழந்து, தாயின் கூலிக்காசில் படித்து, ஆசிரியர் சொல்லை வேதவாக்காய்க் கொள்ளும் பிள்ளைகளின் வகுப்பறைக்குள், அக்கடிதத்தோடு முறைப்பாட்டுக்குள்ளான ஆசிரியரும் நுழைகிறார்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 18 வயதுக்குட்பட்டவரை வல்லுறவுக்குள்ளாக்கினால் 10 முதல் 20 ஆண்டுவரை கடூழியச் சிறை என்று இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. அக்கீழெல்லை நீதிபதியின் தற்றுணிபைக் கட்டுப்படுத்தாதென 2008இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது எனக்கு இன்றளவும் வேதனையே. இந்தியாவிலோ, தன்கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை அறிந்தும் அறிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறையென 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் கூறுகிறது. மூடி மறைத்தவரையும் கூண்டில் ஏற்றும் அந்த ஏற்பாட்டை நான் மனமார விரும்புகிறேன்.

ஏனெனில் மறைப்பவர்களின் முகங்களை நான் அறிவேன், அவர்கள் கெட்டவர்களுமல்லர். முறைப்பாடெழுதக் கடதாசியும் கையுமாய் நின்ற ஒரு தாயிடம், "பிள்ளையின்ர பேர் கெட்டுப்போகும், தங்கச்சி, நாளைக்குக் கலியாணம் காட்சி இருக்கு" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்பொழுகவே சொன்னார். பாதிக்கப்பட்டவரை அடையாளப்படுத்திப் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமென்பதை அத்தாய்க்கு எடுத்துச்சொல்ல அங்கே ஒருவருமில்லை. கடதாசி நான்காய் மடிந்து கைப்பைக்குள் போயிற்று.

வலயக் கல்வி அலுவலகங்களில் இருப்போரிடம் கேட்கிறேன்: இத்தகைய முறைப்பாடு கைக்கு வந்த அன்றே பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவுக்கும், 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண்ணுக்கும் அறிவியுங்கள், இடமாற்றக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய வேண்டாம்.