கணிப்பொறி நிரல்களும் கட்டளை வழிச் சோதனையும்

கம்பம்மெட்டு என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் எத்தனை என்று மூன்றாம் வகுப்பு மாணவனைக் கேட்டால், க, ம், ப, ம், மெ, ட், டு என விரல்விட்டு எண்ணி 7 என்பான். பைத்தான் மொழியில் எழுதிய நிரலிடம் அதே பெயரைக் கொடுத்து நீளம் யாது எனக் கேட்டால் 12 என்று விடை வரும். அப்பெயரைக் கோப்பில் சேமித்துப் பைட்டுகளை எண்ணினாலோ 36 ஆகும். மூன்றும் தத்தம் அளவில் சரியான விடைகளே. யூனிக்கோடு முறையில் மெய்யின் புள்ளிக்கும், எகரத்தின் ஒற்றைக் கொம்புக்கும், உகரக் குறிக்கும் தனித்தனி எண் கொடுக்கப்பட்டிருப்பதால் 12. அவ்வெண் ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டு இடங்கொள்வதால் 36. ஆயினும், ஊர்ப்பெயரையும் மக்கட்பெயரையும் பதிவு செய்யும் அலுவலருக்கு வேண்டிய விடை அந்த மாணவன் கூறியதேயாகும்.

இவ்வேறுபாடு வெறும் எழுத்தாராய்ச்சி அன்று. கம்பம்மெட்டு, தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து ஏறும் மலைச்சாலை இடுக்கி மாவட்டத்துள் புகும் இடம். ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த எல்லையூர். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. ஆகவே மாணவர் பட்டியல், தோட்டத் தொழிலாளர் பட்டியல், மழைக் கணக்கு ஆகியவற்றில் தமிழ்ப் பெயர்களைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலை இங்கு நாள்தோறும் நடைபெறத் தக்கது. இவ்வேலைக்கென ஆசிரியரோ களப்பணியாளரோ ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்வதும் இக்காலத்தில் அரிதன்று. பெயருக்கு ஆறு இடமே உண்டு எனக் கட்டுப்படுத்தும் நிரல் ஒன்றில் முருகன் என்று எழுதினால், நான்கே எழுத்துடைய அப்பெயர் ஏழு குறிகளாக எண்ணப்பட்டு, கடைசிப் புள்ளி வெட்டுண்டு ‘முருகன’ என்று பதிவாகும். அடுத்த ஆண்டு அச்சிறுவனின் சான்றிதழை வேறொரு பட்டியலோடு ஒப்பிடும்போது, இருவரும் வேறு வேறு ஆட்கள் எனப் பொறி கூறும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. போடிமெட்டு என்னும் பெயரின் முதலெழுத்தை இரு வகையாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைப்பது ஒரு வகை. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாக வைப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படாது. ஆனால் பொறியோ இவற்றை வேறு சொற்களாகக் கொண்டு, ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் காட்டாது விடும். இதனைச் சீர்செய்ய யூனிக்கோட்டிலேயே இயல்பாக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் கௌரி என்னும் பெயரில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கு மாற்றாக ளகர எழுத்தையே ஒருவர் தட்டிவிட்டால், அம்முறையும் உதவாது. தட்டச்சுப் பழக்கமுடைய பலர் இதைத்தான் செய்கின்றனர்.

இத்தகைய பிழைகளைக் கண்ணால் பார்த்துத் திருத்த இயலாது என்பது வெளிப்படை. பொறி செய்த பிழையைப் பொறியைக் கொண்டே தேடவேண்டும். அதற்குரிய கருவியே தானியங்கிச் சோதனை. நிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கோப்பை வைத்து, ‘கம்பம்மெட்டு என்று கொடுத்தால் எழுத்தெண்ணிக்கை 7 வரவேண்டும்’, ‘போடிமெட்டு இரு வகையில் எழுதப்படினும் ஒன்றெனக் கொள்ளவேண்டும்’ என்றவாறு உள்ளிடும் பொருளையும் எதிர்பார்க்கும் விடையையும் எழுதிவைப்பதே அது. பைத்தானில் இதற்கென யூனிட்டெஸ்ட் என்னும் பகுதி 2001ஆம் ஆண்டு முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக விலை கொடுத்து வாங்குவதோ, இணையத்திலிருந்து இறக்குவதோ வேண்டா. இதன் முன்னோடி, ஜாவா மொழிக்கெனக் கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் 1997இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டா செல்லும் விமானத்தில் அமர்ந்தவாறே எழுதத் தொடங்கிய ஜேயூனிட் ஆகும். நீண்ட பயணங்கள் சிலருக்கு இவ்வாறும் பயன்படுகின்றன!

சோதனையை இயக்குவதற்கு முனையத்தைத் திறந்து ஒரே வரி எழுதினால் போதும்: பைத்தான்3 என்னும் சொல், ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் எம் என்னும் ஆங்கில எழுத்தும், மீண்டும் ஓர் இடைவெளி விட்டு யூனிட்டெஸ்ட் என்னும் சொல். அடைவில் உள்ள சோதனைக் கோப்புகளைப் பொறி தானே தேடியெடுத்து இயக்கும். தேறிய சோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி இடும். தோற்றதற்கு எஃப் என்னும் எழுத்தும், நிரலே இடையில் முறிந்துபோனால் ஈ என்னும் எழுத்தும் இடும். இறுதியில், எந்த வரியில் எது தோற்றது, வந்த விடை 12, வரவேண்டிய விடை 7 என்று காட்டும். சில நூறு சிறு சோதனைகளாயினும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

சாளரமும் சுட்டெலியும் இருக்கையில், கறுப்புத் திரையில் எழுத்தடித்து மாணவரை ஏன் அச்சுறுத்த வேண்டும் என்று வினவுவோர் உளர். சாளரத்தில் ஆறு இடங்களில் சொடுக்கிச் செய்யும் சோதனையை, ஓய்வான நாளில் ஒருவர் செய்வார். மதிப்பெண் பட்டியலை மாலைக்குள் அனுப்பவேண்டிய நாளில் செய்யமாட்டார். பிழை நேர்வதோ அந்த நாளில்தான். ஒரு வரிக் கட்டளையோ எந்நாளும் ஒரே உழைப்பையே கேட்கும். அன்றியும், அவ்வரியைத் தாளில் எழுதி மேசைமேல் ஒட்டலாம், கரும்பலகையில் எழுதலாம், நெடுங்கண்டத்தில் இருக்கும் உடன்பணியாளருக்குத் தொலைபேசியில் வாய்மொழியாகவே சொல்லலாம். சாளரத்தின் படத்தை அவ்வாறு சொல்லி முடியாது. சோதனை தேறினாலன்றிப் பட்டியலை அனுப்பாதே என்று ஒரு கட்டளையை மற்றொன்றோடு பிணைக்கவும், ஒவ்வோர் இரவும் தானே இயங்குமாறு நேரங்குறித்து வைக்கவும் கட்டளை வரியில் எளிதில் இயலும்.

கேரளப் பள்ளிகளில் இதற்குத் தனியே வசதி தேடவேண்டியதில்லை. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் பெயரில் தொடங்கி, 2017இல் கைட் என்னும் நிறுவனமாக மாறிய அமைப்பு, பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்ட இயங்குதளத்தை வழங்கி வருகிறது. முனையமும் பைத்தானும் அதிலேயே அடங்கியுள்ளன. குறை கருவியில் இல்லை. நிரல் எழுதக் கற்பிக்கும் நாம், எழுதிய நிரல் சரியா எனச் சோதிக்கும் முறையைப் பாடத்தின் ஓரத்தில்கூட வைப்பதில்லை.

எதிர்பார்க்கும் விடையை எழுதவேண்டியவர் யார் என்பதே இதில் முதன்மையான கேள்வி எனக் கருதுகிறேன். நிரலை எழுதியவரே, நிரல் தந்த விடையைப் பார்த்து அதையே சோதனையிலும் எழுதிவிட்டால், அது தான் எழுதிய கடிதத்துக்குத் தானே சாட்சிக் கையொப்பம் இடுவது போன்றது. விடை நிரலுக்குப் புறம்பான இடத்திலிருந்து வரவேண்டும். எழுத்தெண்ணிக்கையைத் தமிழாசிரியர் கூறட்டும். அகரவரிசையையும் அவரே கூறட்டும். ஏனெனில் பொறி தன் எண் வரிசைப்படி அடுக்கினால், சரவணனுக்கு அடுத்து ஜெயாவும் அவளுக்குப் பின் ஞானமும் வருவர். நம் மரபிலோ கிரந்த எழுத்துகள் கடைசியில் நிற்பன. ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகத்தில் தமிழெழுத்துகளை இலக்கணப்படி பிரித்துத் தரும் செயற்கூறும் அதனைச் சோதிக்கும் தொகுதியும் உள்ளன. அதனைப் பயன்படுத்துவோரும் தம் வட்டாரத்துப் பெயர்களைக் கொண்டு தாமே சில சோதனைகளைச் சேர்ப்பது நலம்.

மழைக் கணக்கில் விடை கூறவேண்டியவர் களப்பணியாளர். இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. நிரலில் ‘64.5 முதல்’ என்பதற்கு மாறாக ‘64.5க்கு மேல்’ என்று எழுதிவிட்டால், 70 மி.மீ. பெய்த நாளிலும் 20 மி.மீ. பெய்த நாளிலும் விடை சரியாகவே வரும். சரியாக 64.5 பதிவான நாளில் மட்டும் கனமழை நாளொன்று கணக்கினின்று நழுவும். ஆகவே சோதனைக்கு எடுக்கவேண்டிய எண்கள் 64.4, 64.5, 115.5, 115.6, 204.4, 204.5 ஆகியவை. வேலியின் பழுது வயலின் நடுவில் நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தையும் மலைச்சரிவுகளையும் கண்ட இம்மாவட்டத்தில், இவ்வெல்லைக் கோடுகளின் பொருளை விளக்கத் தேவையில்லை.

மதிப்பெண்ணிலும் இத்தகைய எல்லை உண்டு. 34.5 என்னும் சராசரியை முழு எண்ணாக்கச் சொன்னால் பள்ளிக் கணிதம் 35 என்னும். பைத்தானின் ரவுண்டு என்னும் செயற்கூறு 34 என்னும். சரிபாதியாக நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்கு ஒதுக்குவது அதன் விதி. பெருந்தொகையான கணக்குகளில் பிழை ஒருபக்கமாகச் சாயாதிருக்க வகுத்த நல்ல விதிதான். ஆனால் 35ஐத் தேர்ச்சி எல்லையாகக் கொண்ட வகுப்பில் அவ்விதி ஒரு மாணவனைத் தோல்வியுறச் செய்யும், 35.5ஐப் பெற்றவனுக்கோ 36 கொடுத்து வாழ்த்தும். ஆசிரியர் கையால் கணக்கிட்ட ஒரே விடை சோதனையில் இருந்திருப்பின், இவ்வநீதி பட்டியல் வெளியாகுமுன் தெரிந்திருக்கும்.

சோதனை தேறியதால் நிரல் முற்றும் பிழையற்றது என்று முடிவு கட்டலாகாது. பிழை உண்டு என்று காட்டச் சோதனையால் இயலும்; பிழையே இல்லை என நிறுவ இயலாது என்பதை நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தியுள்ளார். இது தவிர, நடைமுறையில் ஏமாற்றும் சிறு பொறி ஒன்றும் உண்டு. சோதனைக் கோப்பின் பெயர் டெஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல்லில் தொடங்கவேண்டும் என்பது யூனிட்டெஸ்டின் இயல்பான விதி. ‘சோதனை’ என்று பெயரிட்டு வைத்தால் பொறி அதனைத் தேடியெடுக்காது. பைத்தான் 3.12க்கு முற்பட்ட பதிப்புகள், சோதனை ஒன்றுமே இயங்காத போதும், ‘0 சோதனைகள் இயங்கின, சரி’ என்று அறிவித்து, வெற்றியின் அடையாளமான 0 என்னும் முடிவெண்ணையும் தந்துவந்தன. 2023 அக்டோபரில் வெளியான 3.12 முதல் இந்நிலையில் 5 என்னும் முடிவெண் வருகிறது. பள்ளிகளில் பழைய பதிப்பு நெடுநாள் புழங்குவது இயல்பாதலால், ‘சரி’ என்னும் சொல்லைக் கண்டு மகிழுமுன், இயங்கிய சோதனைகள் எத்தனை என்னும் எண்ணைப் படிப்பது அவசியம். இதற்கு எளிய வழியொன்று: சோதனையில் உள்ள 7ஐ வேண்டுமென்றே 8 ஆக்கி ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எஃப் தோன்றாவிடில் உங்கள் சோதனை உறங்குகிறது.

அரசுப் பணியில் இடமாற்றம் இயல்பு. ஒருவர் எழுதிய நிரலை அவர் சென்றபின் வேறொருவர் மூன்று ஆண்டுகள் இயக்குகிறார். ஒரு வரியை மாற்ற அஞ்சி, பிழை தெரிந்தும் அப்படியே விட்டுவிடுகிறார். சோதனைக் கோப்பு உடனிருந்தால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். மாற்றியபின் ஒருமுறை கட்டளையை இயக்கி, பழையவை எவையும் கெடவில்லை எனக் கண்டுகொள்ளலாம். ஆதலின் பொறுப்பை ஒப்படைக்கும்போது சாவி, பதிவேடு, மழைமானியின் அளவுக்குவளை ஆகியவற்றோடு சோதனைக் கோப்பையும் ஒப்படைக்கும் வழக்கத்தை அலுவலகங்கள் ஏற்படுத்தவேண்டும். பதிவேட்டின் உள்ளட்டையில் அந்த ஒரு வரிக் கட்டளையும், அதனை இயக்கினால் எத்தனை சோதனைகள் ஓடவேண்டும் என்ற எண்ணும், கடைசியாக இயக்கிய தேதியும் எழுதப்பட்டிருக்கட்டும்.