தே தாரேயைக் குறைக்காமல் ‘டயட்’ பிஸ்கட் வாங்கி என்ன பயன்?

நம் நாட்டில் 2025 ஜனவரி 1 முதல் இனிப்புப் பானங்களுக்கான கலால் வரி லிட்டருக்கு 90 காசு. 2019 ஜூலையில் 40 காசாகத் தொடங்கிய இந்த வரி, 2024 தொடக்கத்தில் 50 காசாகி, அடுத்த ஆண்டே 90 காசுக்கு ஏறியது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சீனி இருக்கும் போத்தல், டின், பெட்டிப் பானங்களுக்கு இந்த வரி உண்டு.

வரி ஏறும்போதெல்லாம் நம்மில் பலர், “நல்லதுதான், பிள்ளைகள் சோடா குடிப்பதைக் குறைப்பார்கள்” என்று சொல்லிவிட்டு, ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இன்னொரு தே தாரே சொல்கிறோம். அந்தக் கிளாசுக்கு இந்த வரி இல்லை. பக்கத்துத் தட்டில் இருக்கும் வடைக்கும் இல்லை, தீபாவளிக்கு வீட்டில் சுடும் முறுக்குக்கும் இல்லை. நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை பிரச்சினையின் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது.

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால் அதே ஆய்வில், பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 54.4 விழுக்காட்டினர், அளவுக்கு மீறிய உடல் எடை கொண்டவர்கள் எனத் தெரிந்தது. இந்நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் காரணம் இனிப்பு நீர். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் ஓர் உறவினராவது இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு.

வேலை மாறியது, தட்டு மாறவில்லை

நம் பாட்டன் பாட்டி சாப்பிட்டதைத்தானே நாமும் சாப்பிடுகிறோம், அவர்களுக்கு வராத நோய் நமக்கு ஏன் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு பால்மரம் வெட்டி, வாளி நிறையப் பாலைத் தோளில் காண்டா போட்டுச் சுமந்து நடந்தவர்கள் அவர்கள். இனிப்புத் தேநீரும் கோதுமை ரொட்டியும் அந்த உடம்பில் மதியத்துக்குள் கரைந்துவிடும். முறுக்கும் அதிரசமும் தீபாவளிக்கு ஒரு முறை, வீட்டில் யாருக்காவது விசேஷம் என்றால் இன்னொரு முறை.

இன்று அவர்களின் பேரன் பாதுகாவலர் நாற்காலியில் 12 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், அல்லது லோரி ஓட்டுகிறார். பேத்தி தொழிற்சாலையில் நின்ற இடத்திலேயே வேலை செய்கிறார். பலகாரமோ ஆண்டு முழுவதும் பாக்கெட்டில் கிடைக்கிறது. உழைப்பு பாதியாகி, பலகாரம் பல மடங்காகியிருக்கிறது. ஆகவே பாட்டி சமைத்ததில் குற்றமில்லை. அதை எத்தனை முறை, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

முதலில் கிளாசைப் பாருங்கள்

கலோரி குறைந்த மாற்று என்றதும் பலர் பேரங்காடியில் ‘டயட்’ பிஸ்கட் தேடுகிறார்கள். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கிளாஸ் தே தாரேயில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 40 கிராம். கலோரி 130. அதில் சேர்க்கப்பட்ட சீனி மட்டும் 18 கிராம் வரும். மூன்று கிளாஸ் குடித்தால் 54 கிராம் சீனி, 390 கலோரி. ஒரு ரொட்டி சானாயிலேயே ஏறத்தாழ 300 கலோரிதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் சீனி. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். 5 விழுக்காட்டுக்குள், அதாவது 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்நிறுவனம். மூன்று கிளாஸ் தே தாரேயிலேயே நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. பலகாரம், கெச்சாப், பழச்சாறு எல்லாம் அதற்கு மேல்தான்.

எனவே முதல் மாற்றம் கடைக்காரரிடம் சொல்லும் வார்த்தையில் தொடங்கலாம். “கூராங் மானிஸ்” என்று கேட்டு டின் பாலைப் பாதியாக்கினால், மூன்று கிளாசில் 195 கலோரி மிச்சம். பால் வேண்டும், சீனி வேண்டாம் என்பவருக்குத் தே சி கொசோங் இருக்கிறது. இனிப்பில்லாத சுண்டிய பால் இரண்டு கரண்டியில் 40 கலோரி அளவுதான். தே ஓ கொசோங்கில் கலோரி ஏறக்குறைய இல்லவே இல்லை. முதல் வாரம் நாக்கு சண்டை போடும். ஒரேயடியாக விட முடியாதவர்கள் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் நாக்கும் பழகிக்கொள்ளும்.

எண்ணெயில் போட்டதா, ஆவியில் வெந்ததா?

அடுத்தது எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. அதனால்தான் ஒரே பொருள் சமைக்கும் விதத்தைப் பொறுத்து மூன்று மடங்கு மாறுகிறது.

ஈப்போ புந்தோங் கச்சான் பூத்தேயை எடுத்துக்கொள்வோம். மிக்சர், முறுக்கு, பொரித்த கடலை எல்லாம் 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டி வரும். அதே கொண்டைக்கடலையை அவித்தால் 100 கிராமுக்கு 165 கலோரி அளவுதான். நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் வயிறும் சீக்கிரம் நிறையும். நவராத்திரிக்குச் செய்யும் சுண்டலை மற்ற நாட்களில் மாலைப் பலகாரமாகச் செய்யக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஒரு குடும்பத்துக்கே போதும்.

கெரெப்பேக்கும் அப்படித்தான். வறுத்த மரவள்ளிச் சீவல் 100 கிராமுக்கு 500 கலோரியை எட்டும். அவித்த மரவள்ளிக்கிழங்கு 150 அளவில் நிற்கும். ஜப்பான்காரன் காலத்தில் வேறு வழியில்லாமல் அதைத் தின்றே உயிர் பிழைத்த தலைமுறைக்கு அதன் மேல் வெறுப்பு இருந்ததில் நியாயம் உண்டு. நமக்கு அந்தக் காரணம் இல்லை. ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழங்கில் மாவுச்சத்து அதிகம். அதைச் சோற்றுக்குப் பதிலாகத்தான் சாப்பிட வேண்டும், சோற்றோடு சேர்த்து அல்ல.

பொரித்த வாழைப்பழத்துக்கு அவித்த பழம், வடைக்கு இட்டிலி, ரொட்டி சானாய்க்கு வெறும் தோசை, கறிபாப்புக்கு அவித்த சோளம் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் வெளிநாட்டு உணவு இல்லை. விலை கூடியதும் இல்லை. பசியாறும்போது ரொட்டி சானாயே வேண்டும் என்று நாக்கு கேட்கும் நாளில் இரண்டை ஒன்றாக்கி, பருப்புக் கறியைக் கூடுதலாக ஊற்றிக்கொள்வதும் ஒரு மாற்றுதான்.

லேபிளில் ஏமாற வேண்டாம்

‘சீனி சேர்க்காதது’ என்று எழுதிய பிஸ்கட்டில் மாவும் கொழுப்பும் இருக்கின்றன. அவற்றில் பல 100 கிராமுக்கு 450 கலோரி வரை வரும். சீனி இல்லை என்ற தைரியத்தில் அரை பாக்கெட்டைக் காலி செய்தால் ஒரு நேரச் சாப்பாட்டையே சாப்பிட்டதற்குச் சமம். பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள். சுகாதார அமைச்சின் ஆரோக்கியத் தேர்வுச் சின்னமும் அப்படித்தான். அதே வகைப் பொருட்களுக்குள் இது மேலானது என்றுதான் அந்தச் சின்னம் சொல்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்லவில்லை.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, குலா மலாக்கா, தேன் ஆகியவை இனிப்பு நீரைக் கூட்டாது என்ற நம்பிக்கையும் நம்மிடையே வேரோடியிருக்கிறது. கலோரியில் வெல்லத்துக்கும் வெள்ளைச் சீனிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெல்லத்தில் செய்த அதிரசமும் அதிரசம்தான்.

செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் ஓர் அறிவுரை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்பதே நல்லது. இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை எடுப்பவர்களும் கலோரியைக் குறைக்கிறேன் என்று திடீரென வேளை தவறிப் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

தனி ஒருவரின் மனவுறுதி போதாது

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பாக்கெட் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். ஓராண்டு கழித்து, கடையில் கலக்கும் பானங்களுக்கும் அது வந்தது. சிறு வியாபாரிகளுக்கு மட்டும் விலக்கு. அங்கே பாக்கெட் பானங்களின் நடுநிலைச் சீனி அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. வாங்குபவரின் மனவுறுதி மட்டும் அதைச் செய்யவில்லை. தயாரிப்பவர்கள் சீனியைக் குறைத்தார்கள்.

நம் சமுதாயத்திலும் ‘தயாரிப்பவர்கள்’ இருக்கிறார்கள். கோயில் அன்னதானத்தில் பாயசம் கிண்டுபவர்கள், சங்கக் கூட்டத்துக்குத் தேநீர் போடுபவர்கள், தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர்கள், கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள். கோயிலில் சுண்டலைக் கூட்டி இனிப்பைக் குறைக்கலாம். கூட்டத்தில் தேநீரைச் சீனி போடாமல் வைத்து, சீனியைத் தனியாக வைக்கலாம். பள்ளியில் நிற நீருக்குப் பதில் வெறும் நீர் கொடுக்கலாம். இதற்கெல்லாம் மானியம் தேவையில்லை. நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம், “சீனி போடவா, வேண்டாமா?” என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கும் பழக்கமும் மாற வேண்டும். இத்தனை பேருக்கு இனிப்பு நீர் இருக்கும் சமுதாயத்தில், கேட்காமல் இனிப்பாகக் கலந்து கொடுப்பதுதான் விருந்தாளிக்குச் செய்யும் குறை.

வரும் தீபாவளிக்கும் முறுக்கு சுடலாம், அதிரசமும் சுடலாம். அவை நம் பண்டிகைக்கு உரியவை, விட வேண்டியதில்லை. பண்டிகைப் பலகாரம் பண்டிகைக்கு மட்டும் என்று திரும்பவும் ஆகட்டும். மற்ற நாட்களில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கிளாஸ் தே ஓ கொசோங்கும் இருந்தால் மாலைப் பசிக்குப் போதும்.