செல்போனில் சேலை எடுக்கிறீர்களா?

முன்பெல்லாம் சேலை எடுப்பது என்றால் கைக்குத்தான் வேலை. கடையில் பாயில் உட்கார்ந்து, நாலு சேலையை எடுத்துப் போடச் சொல்லி, ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெருடிப் பார்ப்போம். "நூல் நல்லாத்தான் இருக்கு மதினி" என்று கூட வந்தவள் சொன்ன பிறகுதான் விலைப் பேச்சே. இப்போது அதே விரல் கண்ணாடி மேல் தேய்கிறது. கண்ணாடிக்கு எல்லாச் சேலையும் ஒரே வழவழப்புத்தான்!

அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண்களும் சேலையைப் படம் எடுத்து அனுப்பி விற்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நூல் சேலைக்குப் பக்கத்திலேயே, நெசவு போல அச்சடித்த பாலியஸ்டர் சேலையும் குறைந்த விலையில் வந்து நிற்கிறதே! படத்தில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி.

இந்தப் போலி நெசவைக் கம்ப்யூட்டரில் எப்படி உண்டாக்குகிறார்கள் தெரியுமா? துணியை மடிப்பில்லாமல் விரித்து, நிழல் விழாத வெளிச்சத்தில் படம் எடுக்கிறார்கள். அதில் ஒரு சதுரத்தை வெட்டி, வலது ஓரம் இடது ஓரத்தோடு ஒட்டு தெரியாமல் சேரும்படி சரி செய்கிறார்கள். தரையில் ஓடு பதிப்பது போல அந்தச் சதுரத்தையே அடுக்கினால் எத்தனை கஜமும் வந்துவிடும்! பிறகு கறுப்பு வெள்ளையில் இன்னொரு படம்: வெள்ளை இருந்தால் மேடு, கறுப்பு இருந்தால் பள்ளம். எங்கே பளபளக்க வேண்டும், எங்கே மங்க வேண்டும் என்பதற்கு வேறொன்று. மூன்றும் சேர்ந்தால் பாவும் ஊடையும் கண்ணுக்கு முன்னால் எழுந்து நிற்கும். சினிமாப் பொம்மைக்குச் சட்டை போடுவதும் இப்படித்தான். அச்சு இயந்திரத்துக்குக் கொடுத்தால் அதுவே துணி மேல் ஏறிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டருக்கே தறி ஒரு வகையில் பாட்டி முறை! 1804-ல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு, ஓட்டை போட்ட அட்டைகளால் பூ வேலை நெய்யும் தறியைச் செய்தார். அந்த அட்டை யோசனையைத்தான் 1830-களில் இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். நம் நெசவாளர்கள் பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பதும், திரையில் புள்ளி புள்ளியாகப் படம் தெரிவதும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான்.

ஆனாலும் சில விஷயங்கள் படத்துக்கு அகப்படுவதில்லை. மயில்கழுத்துக் கலரை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். திருப்பத் திருப்ப நிறம் மாறும். ஒரே படத்தில் அதை எப்படிப் பிடிப்பது?

அதைவிடப் பெரிது வியர்வை. நம் கரிசல் காட்டு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா! பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அரை சதவீதம்கூடக் கிடையாது. வியர்வை தோலோடு நின்று, துவாரம் அடைத்து, குழந்தைக்கு வேர்க்குரு பொரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கைக்குழந்தைக்குக் கவுனோ, பால் கொடுக்கிற தாய்க்குச் சேலையோ படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

வாங்குமுன், சேலையின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நெய்த பூவானால் பின்னால் நூல் ஓட்டம் தெரியும். அச்சானால் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். தயங்குகிற கடையை விட்டு விடுங்கள். 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சேலை கைக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு நூலை உருவி, குழந்தைகள் இல்லாத நேரம் பார்த்து, தண்ணீர்த் தொட்டியருகே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியானால் காகிதம் எரிந்த வாசனை, மெத்தென்ற சாம்பல். பாலியஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாகும். அடுப்படியில் அந்த உருகல்தான் தீப்பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்காகப் பருத்தியில் தீப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் சட்டென்று பற்றும்.

விற்கிற சகோதரிகளுக்கு: ராத்திரி டியூப்லைட்டில் படம் எடுக்காதீர்கள், பிளாஷும் வேண்டாம். காலையில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எடுத்தால் இழை இழையாகத் தெரியும். நிறம் சரிதானா என்று புரிய ஒரு வெள்ளைத் தாளும், பூவின் அளவு புரிய ஒரு ரூபாய் நாணயமும் பக்கத்தில் வையுங்கள். ஒற்றை மடிப்புக்குப் பின்னால் கையை வைத்து ஒரு படம் எடுத்தால் சேலையின் கனம் தெரிந்துவிடும். முந்தியைக் கையில் பிடித்து விழவிட்டு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது.

தோல் சாமானிலும் இதே கதைதான். திருச்சுழிப் பாதையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரஞ்செடியின் பட்டையில்தான் முன்பு நம் தமிழ்நாட்டில் தோல் பதனிட்டார்கள். அசல் ஆட்டுத் தோலில் மயிர்த் துவாரங்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். முதுகுப் பக்கம் ஒரு மாதிரி, வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி. ரெக்சின் உருளையில் அழுத்திய வரி. உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் அதே சுருக்கம், அதே புள்ளி திரும்ப வந்துவிடும். கைப்பையைப் படத்தில் பெரிதாக்கி ஒரு மச்சத்தைக் குறி வைத்துத் தேடுங்கள். இன்னோர் இடத்தில் அப்படியே இருந்தால் அது தோல் இல்லை. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தோலில் நார் தெரியும், ரெக்சினில் துணி தெரியும்.

அசல் தோல் என்றாலும் குழந்தை காலில் ஒரு கண் இருக்கட்டும். குரோமியத்தில் பதனிட்ட தோல் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். வார் பட்ட இடம் சிவந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, அரிப்பு தணியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ரெக்சின் ஷூவானால் பருத்திக் காலுறை போட்டு, சாயங்காலம் கழற்றியதும் விரலிடுக்கைத் துடைத்து உலர விடுங்கள்.