முழங்கால் மாற்று அறுவை: பாதியா, முழுவதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. நான்கு ஏக்கரில் நெல்லும் உளுந்தும் சாகுபடி செய்கிறோம். இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. இப்போது வரப்பில் நடக்கவே சிரமப்படுகிறார். ‘பாதி மூட்டை மாற்றினால் போதும்’ என்கிறார் ஒரு மருத்துவர். ‘முழுவதுமாக மாற்றுவதே நல்லது’ என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? அதன் பிறகு வயலில் இறங்க முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தேய்மானம் எந்த இடத்தில், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

முழங்காலில் மூன்று பகுதிகள் உண்டு: உள்பக்கம், வெளிப்பக்கம், முட்டிச் சில்லுக்குப் பின்பக்கம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தேய்வது உள்பக்கம்தான். வயதானவர்களின் கால் வில்லாக வளைந்துபோவது இதனால்தான்.

பம்புசெட்டில் ஒரு பேரிங் மட்டும் போயிருந்தால் அதை மாற்றி ஓட்டுகிறோம். ஷாஃப்ட், இம்பெல்லர் எல்லாமே தேய்ந்திருந்தால் பேரிங் மாற்றிப் பயனில்லை. மூட்டுக்கும் இதே கணக்குதான். பாதி மாற்றில், தேய்ந்த பகுதிக்கு மட்டும் உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவார்கள். மற்ற பகுதிகளும் மூட்டைப் பிடித்திருக்கும் ஜவ்வுகளும் அப்படியே இருக்கும். முழு மாற்றில், தொடை எலும்பின் அடி முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையையும் செதுக்கி, முழுவதற்கும் உலோக உறை போட்டு, நடுவில் பிளாஸ்டிக் தட்டு வைப்பார்கள்.

தேய்மானம் ஒரே பகுதியில் இருந்து, ஜவ்வுகள் உறுதியாக இருந்தால்தான் பாதி மாற்று சரிப்படும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், கால் வளைவு நிமிர்த்த முடியாத அளவுக்கு இறுகிப்போனவர்களுக்கும் அது பொருந்தாது. படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் தேய்மானம் குறைவாகத் தெரியக்கூடும். அப்பாவை நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை எடுத்து, இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். கருத்து வேறுபாடு அங்கேயே தீர்ந்துவிடலாம்.

இரண்டுக்கும் தகுதி இருந்தால் எது மேல்? பிரிட்டனில் இப்படிப்பட்ட 528 பேரை இரண்டு பிரிவாக்கி 5 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. வலி குறைவதிலும் நடமாட்டத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பாதி மாற்றுக்குச் செலவு குறைவாக இருந்தது. வெட்டு சிறியது என்பதால் ரத்த இழப்பு குறைவு, எழுந்து நடமாடுவதும் சீக்கிரம். ஆனால் மற்ற பகுதிகள் பின்னாளில் தேய்ந்தால் மறு அறுவை செய்ய வேண்டி வரும். வெளிநாட்டுப் பதிவேடுகளின்படி, 25 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பவை முழு மாற்றில் 100-க்கு 82, பாதி மாற்றில் 70. அப்பாவுக்கு அப்போது 87 வயது ஆகியிருக்கும். அந்த நாட்டுக்காரர்கள் நம்மைப் போல் குத்துக்காலிட்டு உட்காருபவர்கள் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள்.

பாதி மாற்று செய்வதற்குக் கைப்பழக்கம் மிக முக்கியம். ‘வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்?’ என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எப்போதாவது ஒன்று செய்பவரைவிட, அடிக்கடி செய்பவரிடம் போவதே நல்லது.

அறுவைக்கு முன்பு உடல் எடையைக் குறைத்து, தொடைத் தசைக்கான பயிற்சியும் வலி மருந்தும் எடுத்துப் பார்த்தாரா என்பதும் கேள்வி. அவை பலன் தராமல், ராத்தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருந்தால்தான் அறுவை. செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையுடன் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள திட்டப் பிரிவில் விசாரியுங்கள்.

இனி வயல் வேலை. வரப்பில் நடப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, மேற்பார்வை எல்லாம் செய்யலாம். முழு மாற்றுக்குப் பிறகு பலருக்கு முட்டி 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். குத்துக்காலிட்டு உட்கார அது போதாது. பாதி மாற்றில் சற்று கூடுதலாக மடங்கினாலும், குந்தி களை எடுப்பதும் நெல் மூட்டை சுமப்பதும் எதிலும் வேண்டாம். நடவுக்கு இயந்திரம், களைக்குக் கோனோவீடர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கோனோவீடரைத் தள்ளுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மேற்கத்திய கழிப்பறையை அறுவைக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: காயம் முழுவதும் ஆறும்வரை சேற்றில் இறங்கக் கூடாது. அதற்குப் பிறகும் சேற்றுப்புண், அரிவாள் வெட்டு, பித்தவெடிப்பில் சீழ் என்று எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கிருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் போய்ச் செயற்கை மூட்டில் தங்கினால், பொருத்தியதைக் கழற்ற வேண்டிய நிலைகூட வரலாம். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்து, ஜவ்வு நன்றாக இருந்து, அடிக்கடி செய்யும் மருத்துவரும் கிடைத்தால் பாதி மாற்று. இதில் ஒன்று குறைந்தாலும் முழு மாற்று. சம்பா அறுவடை முடிந்த பிறகு நாள் குறித்தால், அப்பா வயலைப் பற்றிக் கவலையில்லாமல் ஓய்வெடுப்பார்.