துண்டறிக்கை போதாது, தேதி வேண்டும்

ஜனவரியில் விதர்பாவின் பருத்திக் காட்டில் இறங்கி, வெடிக்காமல் நிற்கும் காயொன்றைப் பறித்துப் பிளந்து பாருங்கள். வெளியே ஒரு குறையும் தெரியாது. உள்ளே பஞ்சு கறைபட்டிருக்கும்; இரண்டு கொட்டைகள் ஒட்டிக்கிடக்கும். பிரித்தால் நடுவே இளஞ்சிவப்புக் காய்ப்புழு சுருண்டு உறங்கும். அடுத்த பருவத்துப் பயிருக்கு எமன் அதுதான். அதை உறங்கவிட்டு வேடிக்கை பார்க்கும் மகாராஷ்டிர அரசை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

டிசம்பரோடு பயிரை முடித்து, காய்ந்த செடியான பருத்தி மாரைப் பிடுங்கி அழித்தால் புழுவுக்குத் தங்க இடமில்லை. மீறி வெளிவரும் அந்துப்பூச்சியும் முட்டையிடச் சப்பையோ காயோ கிடைக்காமல் மடியும். நாகபுரியின் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

2006-ல் வந்த இரட்டை மரபணு பி.டி. விதையே காக்கும் என்று நம்பினோம். 2015-ல் குஜராத்திலும் 2017-ல் மகாராஷ்டிரத்திலும் புழு அந்த நம்பிக்கையைத் தின்று தீர்த்தது. அதே 2017-ல் யவத்மாலில் பூச்சிமருந்து தெளித்த உழவர்களும் கூலியாட்களும் நஞ்சேறி மாண்டார்கள். பிறகு பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் காடுகளும் புழுவுக்கு இரையாயின.

இத்தனைக்குப் பிறகும் உழவருக்கு அரசு தருவது துண்டறிக்கைதானா? முன்கூட்டி விதைக்கக் கூடாதென்று ஜூன் வரை விதை விற்பனையையே நிறுத்திவைக்கத் தெரிந்த அரசுக்கு, பயிரை முடிக்கத் தேதி போட ஏன் கை வரவில்லை? வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லையைத் திறந்துபோட்டால் அதற்குப் பெயர் காவலா? 1919-லேயே சென்னை மாகாணம் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றி, கம்போடியாப் பருத்தியைக் குறித்த நாளுக்குள் பிடுங்கக் கட்டாயப்படுத்தியது. அரிசோனாவில் செடியை உழுது புதைக்கக் கெடு இருந்தது. மலட்டு அந்துப்பூச்சி, பி.டி. விதை ஆகியவற்றோடு அந்தக் கெடுவும் சேர்ந்தே உழைத்தது. 2018-ல் அமெரிக்கப் பருத்தியில் இந்தப் புழு ஒழிந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

உழவரைப் பழிக்க மாட்டோம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மார்ச் வரை செடியை நிறுத்தி, ‘ஃபர்தட்’ என்னும் கடைசிப் பருத்தியை எடுக்கிறார். பெரும்பாலும் வட்டி கட்டுவது அந்தக் காசில்தான். அதை விட்டுவிடச் சொல்பவர்கள் ஈடு தர வேண்டாமா? பிடுங்கிய மாரும் வீணாவதில்லை. அடுப்பெரிக்க வீட்டோரம் அடுக்கிவைக்கிறார்கள். அதில் ஒட்டிய காய்ந்த காய்களுக்குள் புழு கோடையைக் கழிக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேறு எரிபொருள் தராமல் மாரைக் கொளுத்தச் சொல்ல எவருக்கும் வாயில்லை.

டிசம்பர் 31-ஐக் கடைசி நாளாக அறிவித்து இந்தப் பருவத்திலேயே அரசாணை வர வேண்டும். இழக்கும் எடுப்புக்கு ஏக்கர் கணக்கில் ஈடும், ஊர்தோறும் வாடகையின்றி மாரைத் தூளாக்கும் இயந்திரமும் கிடைக்க வேண்டும். கொட்டையைக் குவித்துவைக்கும் ஜின்னிங் ஆலைகள் இனக்கவர்ச்சிப் பொறி வைக்காவிட்டால் உரிமம் ரத்தாக வேண்டும். நீண்டகால வீரிய ஒட்டு விதைகளையே விற்றுக் காசு பார்த்த விதை நிறுவனங்கள், 150 நாளுக்குள் முடியும் விதையைச் சந்தைக்குக் கொண்டுவரட்டும். ஈட்டுத் தொகையிலும் ஒரு பங்கை ஏற்கட்டும்.